நோட்டன் இறக்கத்தில் மட்டும்

வீரய்யா அண்ணனின் கார் தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது என்று நோட்டன் பிரிட்ஜ் பஸ் கண்டக்டர் வந்து சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. பிரேக் ஒயில் ஒழுகியிருக்குமா, ரப்பர் கிழிந்திருக்குமா என்ற கேள்விதான் வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று இரண்டாவதாகத்தான் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான் அப்போது அப்படித்தான் இருந்தேன். அட்டன் கடைவீதியில் ஒரு மோட்டார் சாமான் கடையில் பில் எழுதுவது என் வேலை. ஆனால் பில் எழுதிய நேரத்தைவிட, எதிரே இருந்த சிங்கள மெக்கானிக் கருணாதாச பாஸின் கராஜில் காருக்கு அடியில் கிடந்த நேரம்தான் அதிகம். இருபத்தொரு வயது. கையில் கிடைத்த மோட்டார் புத்தகம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். கார் ஸ்டாண்டில் டிரைவர்கள் என்னை ஆண்டியப்பன் என்று கூப்பிட்டதே இல்லை. 'என்ஜினியரு' என்றுதான் கூப்பிட்டார்கள். அது கேலி என்று தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

வீரய்யா அண்ணன் வாடகைக்கு ஹயரிங் கார் ஓட்டினார். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறி, லைசன் எடுத்து, தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கறுப்புக் காரை வாங்கி, விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கிற வாழ்க்கையிலிருந்து வெளியே வந்தவர். தோட்டத்துப் பதிவில் அவர் பேரை எப்போதோ வெட்டிவிட்டார்கள். பிறப்புப் பதிவு இல்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனுவும் திரும்பி வந்துவிட்டது. அரசாங்கம் அவருடைய பெயரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்த ஒரே காகிதம் அந்த லைசன்தான். அதை மெழுகுத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருப்பார்.

காரை லொறியில் கட்டி இழுத்து வந்த அன்று சாயங்காலம், கராஜில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து அண்ணன் நடந்ததைச் சொன்னார்.

"தண்ணிப் பீலிக்கிட்ட மிதிச்சேன் ஆண்டி, நல்லாப் புடிச்சிச்சு. அடுத்த முடக்கு வளைவுல மிதிச்சேன், கால் அப்படியே அடி வரைக்கும் போயிருச்சு. பஞ்சு மூட்டைய மிதிச்ச மாதிரி. ரெண்டாவது மிதி, மூணாவது மிதி, ஒன்னுமில்ல. கைபிரேக்க இழுத்தேன். பின்பக்கம் அப்படியே சுத்திருச்சு. கதவு தொறந்து அந்தம்மா வெளிய விழுந்துருச்சு."

அந்தம்மா என்றது பேச்சியம்மாவை. கொழுந்து எடுக்கிறவர், மகளைப் பார்க்க நோட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார். தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"பொலிஸ் சார்ஜன் என்னா கேக்குறாரு தெரியுமா? ரோட்டுல டயர் தேச்ச கறை இருக்கு, பிரேக் இல்லாம கறை எப்படி வந்துச்சுங்கிறாரு. கைபிரேக்குங்கன்னேன். சிரிக்கிறாரு. குடிச்சிருந்தியான்னாரு. நான் தொட்டதே இல்லைன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"இது மொதத் தடவையாண்ணே?"

"மூணாவது. மொத ரெண்டு தடவ கியரப் போட்டு நிப்பாட்டிட்டேன். அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சா ஜம்முன்னு நிக்குது. ஒயில் கொறஞ்சிருக்கும்னு வீட்டுக்கு வந்து விளிம்பு வரைக்கும் ஊத்திவிட்டேன். சார்ஜன்கிட்டயும் இதைச் சொல்லிட்டேன். சொல்லிருக்கக் கூடாதோ?"

நாலாம் நாள் மோட்டார் எக்ஸாமினர் வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காரில் ஏறி ஸ்டேஷன் வரை போனார், வந்தார், மூன்று இடத்தில் மிதித்தார். கார் மூன்று இடத்திலும் சொன்ன சொல் கேட்டு நின்றது.

"சேர், நோட்டன் இறக்கத்துல ஓட்டிப் பாருங்க சேர்," என்றேன்.

"தம்பி, எனக்கு இன்னைக்கி இன்னும் அஞ்சு வாகனம் இருக்கு," என்று சொல்லிவிட்டு, பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கருணாதாச பாஸ் அதற்குப் பிறகு நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். எங்கும் ஒழுகல் இல்லை, ரப்பர் கிழியவில்லை, குழாய் வீங்கவில்லை. "ஹொந்தாய், மல்லி," என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. மல்லி என்றால் தம்பி. "எல்லாம் நல்லம். இந்தக் காருக்கு நோய் இல்ல."

நோய் இல்லை என்றால் வழக்கு ஒன்றுதான் மிச்சம். கவனமில்லாமல் ஓட்டி ஆளைக் காயப்படுத்திய வழக்கு. லைசன் போய்விடும். விசாரணைக்கு ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் அந்தக் காரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சாட்சி வைத்துக்கொண்டு பிரேக் பிடிக்காமல் போக வைக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போனோம். பின் சீட்டில் ஆளுக்குப் பதிலாக நாலு மணல் மூட்டை. அண்ணன் ஓட்டுவார், நான் பக்கத்தில். இறக்கத்தில் ஒவ்வொரு பெரிய முடக்கிலும் நிறுத்தச் சொல்வேன். இறங்கி ஓடி, பானட்டைத் திறந்து, பிரேக் ஒயில் டப்பாவின் மூடியைத் திருகி எடுத்து, ஒயில் மட்டம் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதிக்கொள்வேன். மூடியைப் பூட்டிவிட்டு அடுத்த முடக்கு. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, நாலு ஞாயிறு. பிரேக் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஸ்டாண்டில் மூக்கன் என்று ஒரு டிரைவர், வாய்க்காரர். "என்னா என்ஜினியரு, காய்ச்சல் எத்தன டிகிரி?" என்பார். "அந்தக் காரு வெக்கப்படுதுய்யா. நீ பாக்கையில ஒழுங்கா நடக்குது. நீ அந்தப் பக்கம் திரும்புனா ஓடிப்போயிருது."

எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார். ஆனால் வரவர அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிக்கொண்டு வந்தது. நாலாவது ஞாயிறு திரும்பி வருகிற வழியில் கேட்டார்:

"ஆண்டி, ஒருவேள நான்தான் மிதிக்கலையோ? பயத்துல வேற எதையாச்சும் மிதிச்சிட்டனோ?"

"மூணு தடவயுமா?"

"அதுதான் எனக்கும் வெளங்கல," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் கடையில் பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சியம்மா கால் கட்டோடு படுத்திருந்தார். டிரைவர் பிரேக் பிடிக்கவில்லை என்று கத்தினார் என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அம்மா என்று கேட்டேன்.

"ஏய்யா, பின்னுக்கு உக்காந்திருந்தவளுக்கு பிரேக்கு புடிச்சிச்சா புடிக்கலையான்னு எப்படித் தெரியும்?" என்றார். "காரு வேகமாப் போச்சு. அவரு முருகான்னாரு. நான் விழுந்தேன். கேட்டா அதைத்தான் சொல்லுவேன். அவரு மேல எனக்குக் கோவமில்ல. கோவமில்லைங்கிறதுக்காகப் பொய் சொல்லச் சொல்லாதீங்க."

கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு மழை. மலையில் பெய்கிற மழை இல்லை, ஊற்றுகிற மழை. அண்ணன் போக வேண்டாம் என்றார். விசாரணைக்கு மூன்றே நாள் இருக்கிறது என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். புறப்படும் முன், ஒயில் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்து விளிம்பு வரை ஊற்றினேன். மழையில் பானட்டைத் திறந்தால் ஒயிலில் தண்ணீர் விழும் என்பதால் முடக்குகளில் நிறுத்தவில்லை. ஒரே ஓட்டமாக இறங்கினோம்.

பாதி இறக்கத்தில் கருகின நாற்றம் வந்தது. அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன். காலைப் பார்த்தேன். பெடல் தரையோடு கிடந்தது. இன்னொரு தடவை மிதித்தார். தரை. அவர் கியரை இரண்டுக்கு இறக்கி, முதலுக்கு இறக்கி, மலைப்பக்கத்து மண்சுவரில் காரை உரச விட்டார். சத்தம் காதைக் கிழித்தது. நின்றோம். மணல் மூட்டை ஒன்று என் கழுத்தில் கிடந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. மழையில் இறங்கி ஜாக்கியைப் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கினேன். சக்கரம் ஆவி விட்டுக்கொண்டு இருந்தது. கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. பெடலில் யாரும் காலே வைக்கவில்லை, ஆனால் பிரேக் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. பானட்டைத் திறந்து, சாக்கைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, மூடியைத் திருகினேன். புஸ் என்று காற்று சீறியது. ஒயில் என் கையில் தெறித்தது. ஓடிப்போய்ச் சக்கரத்தைத் தொட்டேன். ராட்டினம் மாதிரிச் சுற்றியது.

அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பிரேக் ஒயில் சூடானால் பெருகும். பெருகின ஒயில் டப்பாவுக்குத் திரும்பி வரும். டப்பா மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும், காற்று போய்வர. அந்த ஓட்டை அடைபட்டிருந்தால், விளிம்பு வரை ஒயிலும் நிறைந்திருந்தால், பெருகின ஒயிலுக்குப் போக்கிடம் இல்லை. திரும்பிப் போய்ச் சக்கரத்தையே அழுத்தும். பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். உரச உரசச் சூடு ஏறி, கடைசியில் குழாய்க்குள் ஒயில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழியை மிதித்தால் பிரேக் எங்கே பிடிக்கும்? ஆறினால் குமிழி போய்விடும், பிரேக் வந்துவிடும். அண்ணன் பயந்து பயந்து ஒயிலை நிரப்பியது நோயை வளர்த்தது. நான் முடக்குக்கு முடக்கு மூடியைத் திறந்து பார்த்தது, எனக்குத் தெரியாமலே வைத்தியமாகி நோயை மறைத்தது.

மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். ஓட்டை இருந்த இடத்தில் மஞ்சளாக, கல் மாதிரி இறுகின ஒரு வட்டம். அதன் நடுவில் சிவப்பு. சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்தினேன். வட்டம் பொருக்காக உதிர்ந்தது. பெற்றோல் துணியால் அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

"புடிச்சிட்டேண்ணே. இந்தா பாருங்க, பளபளன்னு ஆக்கிட்டேன்."

அண்ணன் மழையில் நனைந்துகொண்டு மூடியை வாங்கிப் பார்த்தார். "என்னா அடைச்சிருந்துச்சு?"

"சந்தனம். குங்குமம்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆயுத பூஜை அன்று கராஜில் அத்தனை வாகனத்துக்கும் பொட்டு வைத்தது நான். மற்றவர்கள் விளக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வைப்பார்கள். நான் என்ஜினைத் தெரிந்தவன் இல்லையா, பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடி, பேட்டரி, ஒயில் டப்பா என்று உள்ளே ஒன்றுவிடாமல் வைத்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, விழாமல் இருக்கக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அடுத்த பூஜை வரை அது அங்கேயே இருக்கும். நாலு ஞாயிறும் மூடியைத் திருகியபோது நானும் அதைப் பார்த்தேன், பொட்டாகத்தான் பார்த்தேன்.

"நான்தாண்ணே வச்சேன்," என்றேன்.

அண்ணன் என்னை அடித்திருக்கலாம். அவர் கேட்டது வேறு. "தொடச்சிட்டியே. இனி எக்ஸாமினருக்கு எதைக் காட்டுறது?"

ரோட்டில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டு இருந்தது. சந்தனப் பொருக்கு அதில் எங்கே போனது என்று நான் குனிந்து தேடினேன். உண்மையாகவே தேடினேன்.

அன்று சாயங்காலம் கருணாதாச பாஸிடம் போய்ச் சொன்னபோது அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டார். "நான் கண்டது மல்லி, அந்தப் பொட்டு. மூடியைக் கழட்டுறப்பல்லாம் கண்டது. உங்க சாமி விசயம். நம்ம கை படக் கூடாதுன்னு ஓரத்தைப் புடிச்சுத்தான் கழட்டினது." பிறகு சிங்களத்தில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டார். அவரைவிட மரியாதையான மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் மரியாதை குறைந்தவராக இருந்திருந்தால் அன்றைக்கே துடைத்திருப்பார்.

"பாஸ், கோட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"வாறேன். ஆனா எக்ஸாமினர் மாத்தயா எழுதிட்டார் பிரேக் நல்லம்னு. நானும் நல்லம்னுதானே சொன்னேன்."

திங்கட்கிழமை காலையில் வழக்குப் பேசுகிற புரொக்டரிடம் போனோம். மூடியைக் கடதாசியில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனேன். ஒயில், ஓட்டை, சூடு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தார். கேட்டு முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"வீரய்யா, இவர் சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம். பிரேக் நல்லா இருந்துச்சுன்னா, நீங்க கவனமில்லாம ஓட்டினீங்க. பிரேக் கெட்டிருந்துச்சுன்னா, ஏற்கனவே ரெண்டு தடவ புடிக்காமப் போனது தெரிஞ்சும் ஆளை ஏத்தினீங்க. அதை நீங்களே பொலிசுல சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எது பெரிய குத்தம்?"

புரொக்டர் மூடியை வாங்கிப் பார்த்தார்.

"பொட்டு வச்சது யாரு?"

"நானுங்க," என்றேன்.

"நீங்க மெக்கானிக்கா?"

"மோட்டார் கடையில பில்லு எழுதுறேங்க."

"பில்லு எழுதுறவர் கையில பிரேக்கக் குடுத்தீங்களான்னு கேப்பாங்க." அவர் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "குத்தத்த ஒத்துக்கிட்டா ஒரு வருஷம், ரெண்டு வருஷம் லைசன நிப்பாட்டுவாங்க. எதிர்த்துப் பேசித் தோத்தா மொத்தமாப் போகும். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

படி இறங்கும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். மறுபடியும் சந்தனம் வைத்து, எக்ஸாமினரையே கூட்டிக்கொண்டு போய் இறக்கத்தில் காட்டுவோம் என்றேன். அப்படியே குழைத்து வைக்கிறேன், அப்படியே நடக்கும், பந்தயம் கட்டுகிறேன் என்றேன்.

"எக்ஸாமினர வச்சுக்கிட்டு பிரேக் போகணும்னு வேண்டுறியா?" என்றார் அண்ணன். "பேசாம வா ஆண்டி."

புதன்கிழமை கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டார்கள். பாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் மூடியும் நோட்டுப் புத்தகமுமாகக் கதவு பக்கத்தில் நின்றேன். நாலு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும் அதில் இருந்தது, எந்த முடக்கில் எத்தனை மணிக்கு என்று. மொழிபெயர்ப்பாளர் குற்றத்தை வாசித்தார். குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"குற்றவாளிங்க," என்றார்.

என்னையும் பாஸையும் யாரும் கூப்பிடவில்லை. அபராதம், இரண்டு வருஷம் லைசன் நிறுத்தம். அண்ணன் சட்டைக்குள் கையை விட்டு, மெழுகுத் துணியைப் பிரித்து, லைசனை மட்டும் எடுத்து எழுதுவினைஞரிடம் நீட்டினார். துணியை மடித்து மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டார். அடுத்த வழக்குக்காரர் ஏற்கனவே கூண்டு பக்கம் வந்துவிட்டார்.

வெளியே வந்தபோது நான் கேட்டேன். "ரெண்டு வருஷம்தாண்ணே. அப்புறம் திரும்பக் குடுத்துருவாங்கல்ல?"

"அதுவரைக்கும் நான் யாருன்னு யாராச்சும் கேட்டா என்னாத்தக் காட்டுறது?" என்றார். கோபமாக இல்லை. விலாசம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

கார் கோர்ட்டுக்கு முன்னால் சரிவில் நின்றது. காலையில் அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மத்தியான பஸ்ஸில் மூக்கன் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. ஆனால் ஒரு பொலிஸ்காரர் வந்து, "இந்தக் கார் யாருது? நீதவான் ஐயா கார் வெளிய போகணும், எடு," என்றார்.

அண்ணன் சாவியை எடுத்துவிட்டு அப்படியே நின்றார். நானும் நின்றேன். என்னிடம் லைசன் கிடையாது, எனக்கு வண்டியைக் கழற்றத்தான் தெரியும்.

"எடுங்கப்பா."

பாஸ் உள்ளே தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். "தள்ளிருவோம்," என்றார் அண்ணன். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன், கைபிரேக்கை இறக்கினேன். அவர் பின்னால் போய் டிக்கியில் தோளைக் கொடுத்தார். நாலடி நகர்ந்ததும் சரிவு காரைத் தானாக இழுக்கத் தொடங்கியது. கீழே மரக்கறிக் கூடைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏறி மிதிடா," என்றார் பின்னாலிருந்து.

கதவைத் திறந்து பாய்ந்து ஏறி மிதித்தேன். கார் அந்த இடத்திலேயே நின்றது. ஓர் அங்குலம் போகவில்லை.

"புடிக்குதா?"

"புடிக்குதுண்ணே."

கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையையும் டிக்கியின் மேல் வைத்தபடி அவர் குனிந்து நின்றார். காலை எடுத்தால் கார் ஓடிவிடும் என்று நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.